செயற்கைக்கோளுக்கு ஜாம் தெரியாது: காருக்கு வழிகாட்டிக் கருவி வாங்குமுன்

“ஜிபிஎஸ்ல சிவப்பா காட்டுது, வேற வழியில போங்க.” மாலை ஆறு மணிக்குக் கோலாலம்பூரில் காரில் உட்கார்ந்திருக்கும் யார் வாயிலும் வரக்கூடிய பேச்சு இது. பேச்சில் இப்படிச் சொல்வதால் நட்டமில்லை. வழிகாட்டிக் கருவி வாங்கக் கடைக்குப் போகும்போதுதான் நட்டம். ஜிபிஎஸ்ஸுக்கு ஜாம் என்றால் என்னவென்றே தெரியாது. பெட்டியில் ‘ஜிபிஎஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்கி வருகிறார்கள். வரைபடம் வருகிறது, குரல் வழி சொல்கிறது, ஆனால் ஃபெடரல் ஹைவே நெரிசலுக்குள் நேராகக் கொண்டுபோய் விடுகிறது. கருவியில் பழுது ஏதுமில்லை. அதற்கு நெரிசல் தகவல் வரும் வழியே இல்லை.

வழிகாட்டிக் கருவி மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. நான் எங்கே இருக்கிறேன்? சாலைகள் எப்படிப் போகின்றன? இப்போது எந்தச் சாலை ஓடுகிறது? ஒரே திரையில் தெரிவதால் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோலத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் ஊற்று வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தக் கருவி தேவை என்பது பாதி தெரிந்த மாதிரி.

## நான் எங்கே இருக்கிறேன்?

மின்னலைப் பார்த்ததும் இடி கேட்கும்வரை விநாடி எண்ணுவோம். மூன்று விநாடி கழித்துக் கேட்டால், இடி விழுந்த இடம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி. ஒலி வந்துசேர எடுத்த நேரமே தூரத்தைச் சொல்லிவிடுகிறது.

ஜிபிஎஸ்ஸும் இதே கணக்குதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், ‘இப்போது மணி இத்தனை, நான் இருக்கும் இடம் இது’ என்று ஓயாமல் ஒலிபரப்புகின்றன. அந்தச் செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்று கருவி அளக்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால் கணக்கு முடியும். மூன்று போதுமே என்று தோன்றலாம். கருவிக்குள் இருப்பது மலிவான கடிகாரம். அதன் பிழையைத் திருத்தத்தான் நான்காவது. நேரத்தில் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிசகிவிடும்.

இதில் கருவி கேட்க மட்டுமே செய்கிறது. வானொலிப் பெட்டி மாதிரி. பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. அதற்கு டேட்டா வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம். நீங்கள் ஒருவர் இருப்பதே செயற்கைக்கோளுக்குத் தெரியாது. ஜாலான் துன் ரசாக்கில் எத்தனை கார் முட்டிக்கொண்டு நிற்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

திறந்த வானத்தில் இடப்பிழை சில மீட்டருக்குள் இருக்கும். நம் ஊரில் சிக்கல் வேறு மாதிரி வரும். அம்பாங்–கோலாலம்பூர் மேம்பால நெடுஞ்சாலையோ, கோத்தா டாமன்சாரா பக்கம் போகும் டாஷ் மேம்பால நெடுஞ்சாலையோ, கீழே ஒரு சாலை, மேலே ஒரு சாலை என்று அடுக்காக ஓடும் இடங்கள். ஜிபிஎஸ் உயரத்தைக் கணிப்பதில் பலவீனமானது. மேலே போகும் காரைக் கீழே போவதாக எண்ணி, இல்லாத சந்திப்பில் இடப்பக்கம் திரும்பச் சொல்லும். 2007இல் கோலாலம்பூரில் திறந்த ஸ்மார்ட் சாலைச் சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் குரல் வரவே வராது. கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்துக் கருவி உத்தேசமாக அம்புக்குறியை நகர்த்திக்கொண்டிருக்கும். சுரங்கத்துக்குள்ளேயே பிரிவு உண்டு என்பதால், எந்தப் பிரிவில் வெளியேற வேண்டும் என்பதை நுழையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காரோடு வரும் வழிகாட்டி, சக்கரத்தின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வகையாக இருந்தால் இங்கே கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

மிட் வேலி பேரங்காடி மாதிரியான இடங்களில் நிலத்தடி வாகன நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போதும் இதே பாடுதான். நின்றபடியே எந்தத் திசையைப் பார்த்திருக்கிறோம் என்பதை ஜிபிஎஸ் சொல்லாது. வண்டி நகர்ந்த பிறகே தெரியும். உள்ளே இருக்கும்போது போகுமிடத்தைப் பதிந்துவிட்டு, வெளியே வந்து நூறு மீட்டர் ஓடும்வரை சாலைப் பலகையை நம்புங்கள்.

சுருக்கமாக: இடத்தைச் சொல்வது வானம். அது இலவசம், டேட்டா தேவையில்லை, நெரிசல் பற்றி அதற்கு ஏதும் தெரியாது.

## சாலைகள் எப்படிப் போகின்றன?

வரைபடம் கருவிக்குள்ளேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது போகப்போக இணையத்திலிருந்து இறங்கலாம். சேமித்த வரைபடம் கைப்பேசி லைன் கிடைக்காத இடத்திலும் வேலை செய்யும். பினாங்கிலிருந்து கிளந்தானுக்குக் கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை வழியாகப் போகிறவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். ஆனால் புதுப்பிக்காவிட்டால் பழசாகிவிடும். டாஷும், சூக்கே என்ற இன்னொரு மேம்பால நெடுஞ்சாலையும் 2022இல் திறக்கத் தொடங்கியவை. அதற்கு முந்தைய வரைபடத்தில் அந்தச் சாலைகளில் போனால் உங்கள் கார் வீடுகளின் மேல் பறப்பதுபோலத் தெரியும்.

இவ்வளவு போதும். இனி வருவதுதான் ஆள் ஆளுக்குத் தவறாகப் பேசும் விஷயம்.

## இப்போது எந்தச் சாலை ஓடுகிறது?

லோரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் கூப்பிட்டுக் கேட்பார்கள்: “அண்ணே, அந்தப் பக்கம் எப்படி இருக்கு?” “ஓட மாட்டேங்குதுப்பா, நீ கெசாஸ் ஹைவேல போ.” முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்வது. நேரலைப் போக்குவரத்துத் தகவல் என்பது இதுதான், ஓட்டுநர்களுக்குப் பதிலாக அவர்களுடைய கைப்பேசிகள் பேசிக்கொள்கின்றன.

சாலைகள் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 600 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக அதைக் கடக்க 36 விநாடி. அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர். இப்போது அதில் போகும் கைப்பேசிகள், தாங்கள் இருக்கும் இடத்தைப் பெயர் சொல்லாமல் வரைபடச் செயலி நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிக்கொண்டே போகின்றன. அவை கடக்க மூன்று நிமிடம் ஆகிறது என்றால் வேகம் 12 கிலோமீட்டர்தான். அந்தத் துண்டு சிவப்பாகிறது. அந்த நிறம் இணையம் வழியாக உங்கள் திரைக்கு வருகிறது. வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியில் இதோடு ஓட்டுநர்களே ‘விபத்து’, ‘பள்ளம்’ என்று தட்டிவிடும் தகவலும் சேரும். 2013இல் கூகுள் வேஸை வாங்கிய பிறகும் இரண்டும் தனித்தனிச் செயலிகளாகவே ஓடுகின்றன.

ஆக, உங்கள் திரையில் தெரியும் ஜாம், உங்களுக்கு முன்னால் அதில் மாட்டிக்கொண்டவர்கள் தந்த தகவல். ஒரு சேவையை எத்தனை பேர் இங்கே பயன்படுத்துகிறார்களோ அந்த அளவுக்குத்தான் அது நம்பத்தக்கது. கருவியின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் இந்தக் குறையை ஈடுகட்டாது.

இந்த முறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே காட்சியில் காட்டியவர் ஜெர்மன் கலைஞர் சைமன் வெக்கர்ட். 2020இல் அவர் வெளியிட்ட காணொளியில், 99 கைப்பேசிகளை ஒரு சிறு இழுவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் மெல்ல இழுத்துப் போனார். வெறிச்சோடிக் கிடந்த தெரு கூகுள் வரைபடத்தில் சிவப்பானது. கணினிக்குத் தெரிவதெல்லாம் கைப்பேசிகளின் நகர்வு மட்டுமே.

இதை மனதில் வைத்துக்கொண்டால் சில புதிர்கள் தாமாகவே விளங்கும்.

நிறமே இல்லாத சாலையைக் காலியான சாலை என்று பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். நிறமில்லை என்றால் அங்கே போதுமான கைப்பேசிகள் இல்லை என்று மட்டுமே பொருள். திடீர் வெள்ளத்தில் ஒரு சாலை முழுகினால் முதலில் சிவப்பாகும். பிறகு வண்டிகள் திரும்பிப் போய்விட்டால் நிறமே இல்லாமல் போகலாம். மழை கொட்டும் மாலையில் நிறமற்ற குறுக்கு வழியைக் கருவி காட்டினால், அங்கே தண்ணீர் இல்லை என்று கண்ணால் பார்க்கும்வரை நம்ப வேண்டாம்.

தாமானுக்குள், அதாவது குடியிருப்புப் பகுதிக்குள், புகுந்து போகச் சொல்வதும் இதனால்தான். அந்தச் சிறு சாலையில் கைப்பேசிகள் குறைவு. கருவி பழைய சராசரி வேகத்தை எடுத்துக்கொண்டு ‘ஐந்து நிமிடம் மிச்சம்’ என்கிறது. முனையில் காவல் சாவடியும் தடுப்புக் கம்பமும் இருப்பது அதற்குத் தெரியாமல் இருக்கலாம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையின் கதையும் அப்படியே. வாரத்தில் ஒரு மாலை மட்டும் கடை விரிக்கும் தெரு மற்ற ஆறு நாளும் திறந்த சாலை.

தைப்பூசம் இன்னும் பெரிய சோதனை. ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும் இரவிலும், பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் சாலைகளிலும் போலீஸ் தடுப்பு மணிக்கு மணி நகரும். அறிவிக்கப்பட்ட தடையை யாராவது வரைபடத்தில் பதிந்தால் மட்டுமே கருவிக்குத் தெரியும். அந்த நாள்களில் போலீஸும் மாநகராட்சியும் வெளியிடும் சாலை மூடல் பட்டியலை முதலில் பாருங்கள், கருவியை அதற்குப் பிறகு.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. சிவப்பு என்பது அந்தச் சாலையின் வழக்கமான வேகத்தோடு ஒப்பிட்டுப் போடப்படுவது. நெடுஞ்சாலைச் சிவப்பும் பிரிக்பீல்ட்ஸ் சந்துச் சிவப்பும் ஒரே வேகம் அல்ல. நிறத்தைப் பார்த்துப் பதறாமல், போய்ச் சேரும் நேரத்தைப் பாருங்கள்.

அந்த நேரத்தையும் கருவி இந்த நொடியின் வேகத்தை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. கிள்ளானிலிருந்து கிளம்பினால் தலைநகரின் மையத்துக்கு வரும்போது முக்கால் மணி நேரம் கடந்திருக்கும். அதற்குள் சாலை மாறிவிடும். எனவே அந்தச் சாலை அந்தக் கிழமையில், அந்த நேரத்தில் வழக்கமாக எப்படி இருக்கும் என்ற பழைய பதிவையும் கலந்துகொள்கிறது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம், பள்ளி விடும் நேரம் எல்லாம் பழைய பதிவில் இருக்கும். திடீர் விபத்து இருக்காது. அதனால்தான் புறப்படும்போது 35 நிமிடம் என்றது வழியில் 50 ஆகிறது.

சுருக்கமாக: இடம் வானத்திலிருந்து, சாலை வரைபடத்திலிருந்து, ஜாம் மற்ற ஓட்டுநர்களிடமிருந்து. கடைசியானதற்கு மட்டும் ஒரு தொடர்பு கட்டாயம் வேண்டும்.

## அந்தத் தொடர்பு எந்த வழியில் வருகிறது?

மூன்று வழிகள் உண்டு. கருவிக்குள் சொந்தமாக ஒரு சிம் இருக்கலாம். கருவி உங்கள் கைப்பேசியோடு இணைந்து அதன் டேட்டாவைப் பயன்படுத்தலாம். மூன்றாவது, டிஎம்சி என்கிற பழைய முறை: எஃப்எம் வானொலி ஒலிபரப்போடு காதுக்குக் கேட்காத துணை அலையில் போக்குவரத்துச் செய்திகளைக் குறியீடுகளாக அனுப்புவது. அந்த அலையில் மிகக் கொஞ்சம் தகவலே போகும் என்பதால் பெருஞ்சாலைகளின் விபத்தும் தடையும்தான் வரும். தாமான் சாலைக்கு இடமில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் தனிக் கருவிகளை வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செய்த கருவியில் ‘வாழ்நாள் போக்குவரத்துத் தகவல்’ என்றிருக்கும். அந்த உறுதி அந்தந்த நாட்டு ஒலிபரப்புக்கும் சேவைக்கும் உரியது. மலேசிய வரைபடத்தை ஏற்றிவிடலாம். போக்குவரத்துத் தகவலை ஏற்ற முடியாது. பல மாடல்களில் அந்த அலையை வாங்கும் பாகம் மின்சார வயருக்குள்ளேயே இருக்கிறது. வயர் தொலைந்து வேறு வயர் போட்டால் சார்ஜ் ஏறும், தகவல் வராது. கார்மின் கருவிகளின் பெயருக்குப் பின்னால் ‘எல்எம்டி’ என்றிருந்தால் வாழ்நாள் வரைபடமும் போக்குவரத்தும் என்று பொருள். ‘வாழ்நாள்’ என்பது உங்கள் ஆயுளைக் குறிப்பதல்ல, அந்தக் கருவியை நிறுவனம் ஆதரிக்கும் காலத்தைக் குறிப்பது.

## எதை வாங்குவது?

நகருக்குள் ஓட்டுகிறவருக்கு எங்கள் முதல் பரிந்துரை தனிக் கருவி அல்ல. கைப்பேசியில் வேஸ் அல்லது கூகுள் மேப்ஸ், நல்ல தாங்கி, சரியான சார்ஜர். இந்த நாட்டில் ஆள் கூட்டம் அதிகமுள்ள சேவைகள் இவை. வரைபடமும் தானாகவே புதுசாகிறது. ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் செலவாகும் டேட்டாவும் சொற்பம், காணொளி பார்ப்பதோடு ஒப்பிடவே முடியாது.

காரின் திரையில் ஆப்பிள் கார்ப்ளேயோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ இருந்தால் அதுவே போதும். வழி சொல்வது அப்போதும் உங்கள் கைப்பேசிதான். கார் அதற்குப் பெரிய திரையும் ஒலிபெருக்கியும் தருகிறது. இதை வைத்திருக்கிறவர் ‘நேவிகேஷன் பேக்கேஜ்’ என்று மேலும் பணம் கட்ட வேண்டியதில்லை.

பழைய காருக்கு ஆண்ட்ராய்டு பிளேயர் என்ற தொடுதிரைக் கருவியைப் போடுகிறவர்கள் நிறைய. திரையின் அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். ரேம் எனும் உள்நினைவகம் 2 ஜிபி மட்டும் உள்ளவற்றில் வேஸும் பாட்டும் ஒன்றாக ஓடும்போது திரை திணறும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. டேட்டாவுக்குச் சொந்த சிம் துளை உண்டா, ஒவ்வொரு முறையும் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஹாட்ஸ்பாட் திறக்க மறந்த நாளில் உங்கள் பிளேயருக்கு ஜாம் தெரியாது.

தனிக் கருவி யாருக்கு? கைப்பேசி லைன் இல்லாத பாதைகளில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கும், கைப்பேசியை அழைப்புக்கு ஒதுக்கி வைக்க வேண்டிய தொழில்முறை ஓட்டுநருக்கும் அது பொருத்தமே. போக்குவரத்துத் தகவல் வேண்டுமென்றால் கைப்பேசியோடு இணையும் மாடலாக, மலேசியாவில் அந்தச் சேவை உண்டு என்று எழுத்தில் காட்டப்படும் மாடலாக எடுங்கள். காரோடு வரும் வழிகாட்டிக்கும் அதே கேள்வி: டேட்டா எத்தனை ஆண்டுக்கு, அதன் பிறகு யார் கட்டுவது, வரைபடத்தைப் புதுப்பிக்க எவ்வளவு?

## பொருத்தும்போது கெட்டுப்போகும் இடங்கள்

ஆண்ட்ராய்டு பிளேயரோடு ஒரு சிறு சதுர ஜிபிஎஸ் ஆண்டெனா வரும். அவசரத்தில் சிலர் அதைப் பிளேயருக்குப் பின்னால், இரும்புச் சட்டத்துக்குள் திணித்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கை ஊடுருவும் அலை இரும்பை ஊடுருவாது. கண்ணாடிக்கு அருகில், டேஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக்குக்குக் கீழே, முகம் வானத்தைப் பார்க்க ஒட்டச் சொல்லுங்கள். உலோகப் பூச்சுள்ள டிண்டட் தாளும் அலையை மட்டுப்படுத்தும். முன்கண்ணாடியில் 70 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்ற ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதிக்கு அந்தத் தாள் உட்பட்டிருந்தாலும் ஜிபிஎஸ்ஸுக்குத் தொல்லை தரலாம். உலோகம் கலக்காத தாளா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பழைய கார்களின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே தரும். திரை, டேட்டா, ஜிபிஎஸ் மூன்றும் ஓடும் கைப்பேசிக்கு அது போதாது. சார்ஜில் இருந்தபடியே பேட்டரி இறங்கும். சிகரெட் லைட்டர் துளையில் 12 வாட்டுக்குக் குறையாத சார்ஜர் போடுங்கள்.

வெயிலை மறக்கவே கூடாது. ஐபோனைச் சுற்றியுள்ள வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது அதன் நிறுவனம். நண்பகல் வெயிலில் டேஷ்போர்டின் மேல் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். திரை மங்கும், சார்ஜ் நிற்கும், சில நேரம் கைப்பேசியே அணைந்துவிடும். ஏர்கான் துவாரத்தில் மாட்டும் தாங்கி நம் ஊருக்குப் பொருத்தம். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பது குற்றம் என்பதால் தாங்கி இல்லாமல் ஓட்டவே வேண்டாம்.

அமைப்புகளில் ‘டோல் தவிர்’ எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நெடுஞ்சாலையை விட்டுவிட்டு விளக்குக்கு விளக்கு நிறுத்தும் வழியைக் கருவி சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுவே.

## எப்போது பார்க்க வேண்டும்

பினாங்குப் பாலம் இதற்கு நல்ல பாடம். செபராங் ஜெயாவிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வழி: 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் முதல் பாலம், அல்லது தெற்கே பத்து காவான் வரை இறங்கி, 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம். முதல் பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் திரும்ப வழி கிடையாது. அதன் பிறகு திரை சிவப்பானால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பார்க்க வேண்டிய இடம், பிறைப் பக்கம் சாலை பிரிவதற்கு முன்னால். இரண்டும் டோல் பாலங்கள் என்பதால் ‘டோல் தவிர்’ அணைந்திருக்கட்டும்.

உங்கள் அன்றாடப் பாதையிலும் இப்படி ஒன்றிரண்டு முடிவெடுக்கும் இடங்கள் இருக்கும். கிளம்பும்போது ஒருமுறை, அந்த இடத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒருமுறை குரலைக் கேட்டால் போதும். புது வழியில் மிச்சமாவது மூன்று நான்கு நிமிடம்தான் என்றால் பழகிய பாதையிலேயே போங்கள். கணிப்பின் பிழையே அவ்வளவு இருக்கும்.

கருவியை வாங்கிய வாரத்திலேயே, கடை மாற்றிக் கொடுக்கும் நாள்கள் முடிவதற்குள், மூன்று ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். முதலாவது, திறந்த வெளியில் வண்டியை நிறுத்திவிட்டு இடம் கிடைக்க எத்தனை நேரம் என்று பார்ப்பது. நெடுநாள் பெட்டியில் கிடந்த தனிக் கருவிக்கு முதல் முறை சில நிமிடங்கள் ஆவது இயல்பு. அடுத்த நாளும் அப்படியே என்றால் ஆண்டெனாவில் கோளாறு. இரண்டாவது, மாலை ஆறரை மணிக்கு எல்டிபி நெடுஞ்சாலையில் ஓட்டம்: உங்கள் கைப்பேசியின் வேஸ் காட்டும் சிவப்பும் கருவியின் சிவப்பும் ஒத்துப்போகின்றனவா? மூன்றாவது, கைப்பேசியின் டேட்டாவை அணைத்துவிட்டு ஓட்டம். நிறங்கள் மறைந்தால் அந்தக் கருவி உங்கள் டேட்டாவை நம்பியிருக்கிறது. மறையாவிட்டால் அதற்கென்று தனி வழி உண்டு. கடைக்காரர் சொன்னதோடு இது பொருந்தவில்லை என்றால் ரசீதோடு திரும்பிப் போங்கள்.